சகலையின் மாத்திரை

சேரப்பணஞ்சேரி,
திங்கட்கிழமை காலை.

அன்புள்ள மச்சான் அமிர்தநாதனுக்கு,

உன் சின்ன மாமா ஜெபமணி எழுதுவது. ஓசூரில் நீயும் உன் மனைவியும் பிள்ளைகளும் ஆண்டவர் தயவால் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே நான் சுகம். உன் அக்கா ஜாய் சுகமா என்பதை மறைமலை நகரில்தான் விசாரிக்க வேண்டும். வீங்கிய காலோடு போன வாரம் தன் அக்கா வீட்டுக்குப் போனவள் இன்னும் திரும்பவில்லை. போனில் கேட்டால், "ரெண்டு நாள் இருந்துட்டு வரேன்" என்கிறாள். அந்த இரண்டு நாள் எப்போது தொடங்கும் என்றுதான் தெரியவில்லை. நீ நேரில் வந்து அவளை அழைத்துக்கொண்டு வந்து நம் வீட்டில் விட வேண்டும். அதைக் கேட்கத்தான் இந்தக் கடிதம். போனில் சொன்னால் பாதியில், "சரி மாமா, மீட்டிங்" என்பாய். கடிதத்தை நீ அப்படி நிறுத்த முடியாது.

என் கல்யாணம் முடிந்து முதல் விருந்துக்கு உங்கள் வீட்டுக்கு வந்தபோது, அரைக்கால் சட்டையோடு பந்தியில் என் எதிரே உட்கார்ந்து நீ ஒரு கேள்வி கேட்டாய். "மாமா, நீங்க பெரிய ஆளா, டெனிசன் மாமா பெரிய ஆளா?" பந்தியில் எல்லோரும் சாப்பிடுவதை நிறுத்திவிட்டார்கள். நான் ஆசிரியன், கேள்விக்குப் பயப்படுகிறவன் இல்லை. ஆனால் அன்றைக்கு ரசம் கேட்டு வாங்கிக்கொண்டேன். அதற்குப் பிறகு எத்தனையோ பிள்ளைகளின் எத்தனையோ கேள்விகளுக்குப் பதில் சொல்லிவிட்டேன். உன் கேள்வி மட்டும் அப்படியே நின்றுவிட்டது. இப்போது நடந்திருப்பதெல்லாம் அந்தக் கேள்வியால் வந்ததுதான் என்று எனக்குத் தோன்றுகிறது. உன்னைக் குறை சொல்லவில்லை, நீ சிறு பையன்.

உனக்குத் தெரிந்ததுதான் என்றாலும் வரிசையாகச் சொல்கிறேன். வரிசையாகச் சொன்னால்தான் என் மனசு ஆறும். உன் பெரிய அக்கா ரோஸ்லினின் கணவர் டெனிசன் அண்ணன் கார் கம்பெனியில் லைன் சூப்பர்வைசராக இருந்து ஓய்வு பெற்றவர். நான் பள்ளிக்கூடத்தில் அறிவியல் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவன். அவருக்கு மறைமலை நகரில் நாலாவது மாடியில் வீடு, எனக்குச் சேரப்பணஞ்சேரியில் தரையோடு ஒரு வீடு, மாடியில் கம்பெனிப் பையன்கள் குடியிருக்கிறார்கள். இதிலெல்லாம் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. இருவருக்கும் ரத்த அழுத்தம் வந்தது. அதிலும் வருத்தம் இல்லை. ஆனால் அவர் மாத்திரை தங்க நிறத் தாளில் வருகிறது. என்னுடையது சாதாரண வெள்ளை அட்டை. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து அவர்கள் வீட்டில் சாப்பிட்டால், கை கழுவியதும் அந்தத் தங்க அட்டையை அவர் எடுத்து மேஜைமேல் வைப்பார். நகைக்கடைக்காரன் வளையலை வைப்பதுபோல மெதுவாக வைப்பார். மாத்திரை மஞ்சள் நிறம், நீள வடிவம். அதன் கம்பெனிப் பெயரை நான் இங்கே எழுதப்போவதில்லை, எழுதினால் அவருக்கு விளம்பரம். பிறகு பிரஷர் பார்க்கும் மெஷினை எடுத்து முதலில் தனக்கும் பிறகு எனக்கும் பார்ப்பார். அவருக்கு எப்போதும் என்னைவிடப் பத்து அதிகமாக வரும். அதை ரோஸ்லின் அண்ணியிடம் காட்டும்போது அவர் முகத்தில் ஒரு பெருமை. ஒருநாள் இரவு உப்பு கொஞ்சம் கூடப் போட்டுக்கொள்ளலாமா என்றுகூட நான் யோசித்தேன். நினைத்ததோடு சரி, போடவில்லை.

"இன்னா வாத்தியாரே, இன்னும் அந்த வெள்ளை அட்டைதானா?" என்பார்.

"அதேதான் அண்ணே. அதே வேலையைத்தான் செய்யுது."

"செய்யும், செய்யும். அவசரத்துக்கு ஸ்டெப்னி டயரும்தான் ஓடுது. அதுல திருநெல்வேலி வரைக்கும் போவியா?"

"அவருக்குப் பெரிய ஆஸ்பத்திரியில எழுதிக் குடுத்தது தம்பி" என்று ரோஸ்லின் அண்ணி மீன் குழம்பை என் தட்டில் ஊற்றுவார். "எல்லாருக்கும் எழுத மாட்டாங்களாம்."

உன் அக்கா ஜாய் அந்தத் தங்க அட்டையை ஒரு பார்வை, என்னை ஒரு பார்வை பார்ப்பாள். முப்பது வருஷ தாம்பத்தியத்தில் நான் அந்தப் பார்வையைப் பட்டுப்புடவைக் கடையில் மட்டுமே பார்த்திருக்கிறேன்.

ஒரு ஞாயிறு திரும்பும்போது பஸ்ஸில் அவள் கேட்டாள், "மாமாவோட மாத்திரை பார்க்கவே நல்லா இருக்கு இல்ல?" அவ்வளவுதான். படப்பை வரைக்கும் நான் பாடம் நடத்தினேன். மருந்துக்கு இரண்டு பெயர் உண்டு, ஒன்று மருந்தின் சொந்தப் பெயர், இன்னொன்று கம்பெனி வைக்கும் பெயர் என்றேன். அரசுப் பாடப்புத்தகத்தை இரண்டு அச்சகத்தில் அடிக்கிறார்கள், ஒன்றின் அட்டை பளபளக்கும், இன்னொன்று மங்கலாக இருக்கும், இரண்டிலும் ஒளிச்சேர்க்கை ஒன்றுதான் என்றேன். அவள், "மங்கலா இருந்தா பசங்க வாங்க மாட்டாங்களே" என்றாள். அதனால் நம் ஊர் உதாரணத்துக்கு வந்தேன். ஒரகடத்துக் கம்பெனிகளுக்கு ஆள் ஏற்றிப்போகும் பஸ்ஸை எடுத்துக்கொள். காண்டிராக்டர் மாறுவார், பஸ்ஸின் நிறம் மாறும், சீட் உறை மாறும். கம்பெனிக்கு அதைப் பற்றி என்ன கவலை? கேட்டில் எத்தனை பேர் இறங்குகிறார்கள், ஷிஃப்ட் தொடங்குமுன் இறங்குகிறார்களா, இவ்வளவுதான் அவர்களுக்குக் கேள்வி. மாத்திரையும் அப்படித்தான். மாத்திரை பஸ், உள்ளே இருக்கும் மருந்துதான் ஆள், ரத்தம்தான் கேட். புது கம்பெனி மாத்திரையையும் பழைய கம்பெனி மாத்திரையையும் சிலருக்குக் கொடுத்து, ரத்தத்தில் எவ்வளவு மருந்து போய்ச் சேருகிறது, எவ்வளவு நேரத்தில் சேருகிறது என்று அளந்து பார்ப்பார்கள். இரண்டு பஸ்ஸும் ஒரே நொடியில் வந்து நிற்காது, கொஞ்சம் முன்பின் இருக்கும், அது குறிப்பிட்ட எல்லைக்குள் இருந்தால் இரண்டும் சமம். நிறமும் வடிவமும் சீட் உறை.

இதை மறுநாள் மாடிவீட்டுப் பேச்சிராஜிடமும் சொன்னேன். அவன் தென்காசிப் பக்கத்துப் பையன், தினமும் அந்தப் பஸ்ஸில் போகிறவன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "நீங்க சொல்லுதது சரிதான் சார். ஆனா பழைய பஸ்ஸுல ஏசி உண்டும்லா" என்றான். பிள்ளைகளுக்கு எப்போதுமே சீட் உறைதான் கண்ணில் படும்.

ஒன்றை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன், ஜாயிடமும் சொன்னேன். எல்லா மருந்துக்கும் இந்த உதாரணம் அப்படியே ஓடாது. வலிப்புக்கும், ரத்தம் உறையாமல் இருப்பதற்கும், தைராய்டுக்கும் கொடுக்கிற சில மாத்திரைகளில் அந்தக் கொஞ்சம் முன்பின்கூடப் பெரிய விஷயம். ஓர் ஆள் குறைந்தாலே நின்றுவிடும் கார் கம்பெனி உற்பத்தி லைன் மாதிரி. அங்கே டாக்டரைக் கேட்காமல் கம்பெனியை மாற்றக்கூடாது. அதேபோல மெதுவாகக் கரையும் மாத்திரைக்குப் பதில் சட்டென்று கரையும் மாத்திரையை வாங்கினால், பெயர் ஒன்றாக இருந்தாலும் அது மாற்று ஆகாது. இதைச் சொல்லி முடித்தபோது ஜாய் என் தோளில் சாய்ந்து தூங்கியிருந்தாள். டெனிசன் அண்ணனிடம் கார் இருக்கிறது, அதில் அவர் ஓட்டுநர், யாரும் அவர் தோளில் சாய முடியாது. அன்றைக்கு அந்த ஒரு விஷயத்தில் நான் ஜெயித்தேன்.

இப்படி இருக்கும்போதுதான் உன் அக்காவுக்கும் பிரஷர் வந்தது. படப்பை டாக்டர் ஒரு மாத்திரை எழுதினார். நாங்கள் வாங்கும் கடையில் அந்தக் கம்பெனி இல்லை. கடையில் இருக்கும் மருந்தாளுநர் பெண் ஷாரோன், டாக்டருக்குப் போன் போட்டு, அதே மருந்து, அதே அளவு, வேறு கம்பெனி கொடுக்கலாமா என்று கேட்டு, சரி என்று தெரிந்த பிறகு எடுத்துக் கொடுத்தாள். பார்த்தால் என்னுடைய வெள்ளை அட்டை. எனக்கு உண்டான சந்தோஷத்தைச் சொல்ல முடியாது. கணவனும் மனைவியும் ஒரே துணியில் தைத்துப் போட்டுக்கொண்ட மாதிரி இருந்தது. இரவு சாப்பாடு முடிந்ததும் இருவரும் ஒன்றாகத் தண்ணீர் குடிப்போம்.

அதன் பிறகு அவளுக்குக் கால் வீங்கத் தொடங்கியது. முதலில் செருப்பு பிடிக்கிறது என்றாள். பிறகு விரலால் அழுத்தினால் குழி விழுந்தது. எழுந்தால் தலை சுற்றல். போன வாரத்து ஞாயிறு பூசையில் நற்செய்தி வாசிக்க எல்லோரும் எழுந்து நின்றார்கள், இவளும் நின்றாள், பிறகு மெதுவாக என் சட்டையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். அவள் கை சில்லென்று இருந்தது. அமிர்தா, அந்த நேரத்தில் எனக்குத் தங்கமும் தெரியவில்லை வெள்ளையும் தெரியவில்லை. வீட்டுக்குக் கொண்டுவந்து படுக்கவைத்தேன். பூசைக்கு வந்திருந்த டெனிசன் அண்ணனும் ரோஸ்லின் அண்ணியும் பின்னாலேயே வந்துவிட்டார்கள்.

வந்ததும் வராததுமாக அவர் தொடங்கினார். "நான் அன்னிக்கே சொன்னேன். கேட்டியா நீ? வெள்ளை அட்டை வாங்கிக் குடுத்து எங்க வூட்டுப் பொண்ணை இப்படி ஆக்கிட்டியே."

"அதே அட்டையை நானும்தான் சாப்பிடறேன். எனக்கு ஏன் வீங்கலை?"

"உனக்கு வீங்கறதுக்கு ஒடம்புல இன்னா கீது?"

"மாத்திரை மேல பழி போடாதீங்க அண்ணே. போன வாரம் உங்க வீட்டுல கருவாட்டுக் குழம்பு. உப்பு எங்கேயிருந்து வந்துது?"

"கருவாட்டைப் பத்திப் பேசாதே வாத்தியாரே. கொண்டா உன் மாத்திரைய. அதுல இன்னா எழவு போட்டிருக்கான்னு நானே பார்க்கறேன்."

நான் வெள்ளை அட்டையை அவர் கையில் வைத்தேன். அவர் சட்டைப் பையிலிருந்த தங்க அட்டையை நான் எடுத்துக்கொண்டேன். அது என் கையில் பட்டது அன்றுதான் முதல் தடவை. அதுவரை எத்தனையோ ஞாயிறு அது என் முன்னால் இருந்தும், தொட்டால் ஆசைப்படுகிறேன் என்று நினைப்பார்களே என்று நான் கிட்டே போனதில்லை. அவர் கண்ணாடி கொண்டுவரவில்லை. என் கண்ணாடியைக் கொடுத்தேன். அவர் அதைப் போட்டுக்கொண்டு வெள்ளை அட்டையைப் படித்தார். நான் கண்ணாடி இல்லாமல் தங்க அட்டையை ஜன்னல் வெளிச்சத்தில் கையை நீட்டிப் பிடித்துப் படித்தேன். பெரிய எழுத்தில் கம்பெனி வைத்த பெயர். அதன் கீழே எறும்பு வரிசை போல ஒரு வரி. அம்லோடிபின் ஐந்து மில்லிகிராம். என் அட்டையிலும் இதே பெயரைப் பார்த்த ஞாபகம், எனக்குச் சந்தேகம் வந்தது. "அண்ணே, அதுல இன்னா போட்டிருக்கு?" என்று கேட்டேன். என்னை அறியாமல் நானும் 'இன்னா' என்றுவிட்டேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டுக்கொண்டார். "அம்லோ..." என்றார். "...டிபின்" என்றேன். "அஞ்சு" என்றார்.

இரண்டு பேரும் அட்டைகளை மாற்றிப் பிடித்துப் பார்த்தோம். படுத்திருந்த ஜாய்தான் கேட்டாள், "ரெண்டும் ஒண்ணா?"

"ஒண்ணுதான்" என்றேன். ஒரு வெற்றிக்குரலில் சொன்னேன், அதற்காக இப்போது வருத்தப்படுகிறேன்.

"அப்போ நான் ரெண்டையும் போட்டுக்கினு இருக்கேனே" என்றாள்.

நடந்தது இதுதான். ஜாய்க்குப் பிரஷர் என்று தெரிந்ததும் ரோஸ்லின் அண்ணி பாசத்தில் ஒரு தங்க அட்டையை அவள் கைப்பையில் வைத்திருக்கிறார். இரவில் வெள்ளை மாத்திரை போடுவதோடு காலையில் இதையும் போட்டுக்கொள், இது தெம்பு என்று சொல்லியிருக்கிறார். ஏன் என்னிடம் சொல்லவில்லை என்று கேட்டேன். "சொன்னா உங்க மூஞ்சி சுருங்கும்" என்றாள். "அக்கா ஆசையாக் குடுத்தா, வேணாம்னா அவளுக்கு வருத்தம். உங்க மாத்திரைய நிறுத்துனா பஸ்ஸை நிறுத்தி வெச்சுப் பாடம் எடுப்பீங்க. ரெண்டும் வேற பேரு, வேற கலரு. ரெண்டு வூட்டுலயும் சாப்புடறேன் இல்ல, அப்படித்தான் நெனச்சேன்." விருந்துக்குப் போனால் இரண்டு வீட்டிலும் இலையில் மிச்சம் வைக்காமல் சாப்பிட்டு வருகிறவள் அவள். மாத்திரையையும் அப்படியே சாப்பிட்டிருக்கிறாள், காலையில் அக்கா முகம் வாடக்கூடாது என்று ஒன்று, இரவில் என் முகம் வாடக்கூடாது என்று ஒன்று. தங்க அட்டையை நான் ஒரு தடவை கையில் வாங்கிப் படித்திருந்தால், இரண்டும் ஒரே மருந்து என்று அன்றைக்கே அவளிடம் பெயர் சொல்லிக் காட்டியிருப்பேன். சீட் உறையைப் பார்க்காதே என்று ஊருக்கெல்லாம் சொன்ன நானே சீட் உறையைத்தான் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

உடனே டெனிசன் அண்ணன் காரில் படப்பை டாக்டரிடம் போனோம். இரண்டு அட்டையையும் காட்டினோம். டாக்டர் நெஞ்சைப் பரிசோதித்து, ஈ.சி.ஜி. எடுத்து, பயப்பட ஒன்றும் இல்லை, இரட்டை அளவால் வந்த வீக்கம், இனி ஒன்று போதும், காலை உயர்த்தி வைத்துப் படுக்கட்டும் என்றார். வேறு டாக்டர் வேறு மாத்திரை கொடுத்தாலும், யார் பாசத்தோடு கொடுத்தாலும், வீட்டில் இருக்கிற எல்லாவற்றையும் கொண்டுவந்து காட்டுங்கள் என்றார். பிறகு, "யார் கவனிச்சது? நல்ல வேலை செஞ்சீங்க" என்றார். அமிர்தா, அந்த நேரத்தில் டெனிசன் அண்ணன் முன்னால் ஒரு அடி வைத்து, "நான்தான் டாக்டர். அட்டைய வாங்கிப் படிச்சேன், டக்குனு பிடிச்சிட்டேன்" என்றார். என் கண்ணாடி அப்போதும் அவர் மூக்கில்தான் இருந்தது.

அதோடு முடிந்ததா? காலை உயர்த்தி வைக்கத் தங்கள் வீட்டில் சாயும் சோபா இருக்கிறது, ஏறி இறங்க லிஃப்ட் இருக்கிறது என்று ரோஸ்லின் அண்ணி ஜாயை அழைத்துப்போய்விட்டார். நம் வீடு தரையில் இருக்கிறது. லிஃப்ட் தேவைப்பட வேண்டுமானால் முதலில் ஆளை நாலாவது மாடிக்குக் கொண்டுபோக வேண்டும். இதை யாரும் யோசிக்கவில்லை. தினமும் போன் செய்கிறேன். நேற்று பேசும்போது பின்னால் டெனிசன் அண்ணன் குரல் கேட்டது. பக்கத்து வீட்டுக்காரர் யாருக்கோ விளக்கிக்கொண்டிருந்தார். "சார், மாத்திரைன்றது கம்பெனி பஸ் மாதிரி. கேட்டுல எத்தினி பேர் எறங்கறான், எத்தினி மணிக்கு எறங்கறான், அதான் மேட்டரு." என் பஸ். நான் ஓட்டிய பஸ். ஜாய் போனில், "மாமா எவ்ளோ அழகா வெளக்கறாரு பாருங்க" என்கிறாள். என் தோளில் தூங்கிக்கொண்டே கேட்ட பாடம், அவர் வாயில் வந்தால் அழகு.

எனக்குப் பொறாமை என்று ரோஸ்லின் அண்ணி உன்னிடம் சொல்லியிருக்கலாம். நம்மிடம் இல்லாதது அடுத்தவரிடம் இருந்தால்தான் பொறாமை வரும். இருவரிடமும் இருப்பது ஒன்றே என்று எழுத்தில் பார்த்த பிறகு எப்படி வரும்? வரக்கூடாது. ஆனாலும் வருகிறது. இதை என் அறிவியலால் விளக்க முடியவில்லை.

ஆகவே நீ இந்த ஞாயிறு வந்து, உன் அக்காவை இங்கே கொண்டுவந்து விட வேண்டும். அந்தச் சிறிய எழுத்தை முதலில் படித்தது யார் என்பதைக் குடும்பத்தில் எல்லோர் முன்னாலும் நடுநிலையாகச் சொல்ல வேண்டும். நீ அங்கே இல்லாவிட்டாலும் சொல்லலாம், அதற்குத்தான் இவ்வளவு விவரமாக எழுதியிருக்கிறேன். இரவில் ஒரு மாத்திரையைத் தனியாக விழுங்குவது எவ்வளவு கஷ்டம் என்று நான் நினைத்துப் பார்த்ததே இல்லை.

உன் மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் என் அன்பான ஆசிகள். மாதா உங்கள் குடும்பத்தைக் கண்போல் காப்பாராக.

இப்படிக்கு,
உன் சின்ன மாமா,
ஜெபமணி

பின்குறிப்பு: நீ வர வேண்டாம். கடிதத்தை உறையில் போட்டு ஒட்டுவதற்குள் வாசலில் கார் வந்து நின்றது. ஜாய் வந்துவிட்டாள். வீக்கம் வடிந்து, பழைய செருப்பையே போட்டுக்கொண்டு இறங்கினாள். "அங்க மாமா நாள் முழுக்கப் பாடம் எடுக்கறாரு. இங்க நீங்க நடுவுல தண்ணியாவது குடிப்பீங்க" என்றாள். மேலே டெனிசன் அண்ணனைப் பற்றி எழுதியிருப்பதையெல்லாம் அடித்துவிடு, கொண்டுவந்து விட்டவரே அவர்தான். என் கண்ணாடியையும் திருப்பிக் கொடுத்துவிட்டார். அவர் தன் டாக்டரைக் கேட்டு வெள்ளை அட்டைக்கு மாறிவிட்டாராம். சாப்பிட்டுக் கை கழுவியதும் அதை எடுத்து என் மேஜைமேல் மெதுவாக வைத்தார். "இதான் வாத்தியாரே மாத்திரை. ஊருக்கெல்லாம் நான்தான் சொல்லிக்கினு கீறேன்" என்றார். பேச்சிராஜ்கூட மாடியிலிருந்து இறங்கி வந்து பார்த்தான். என் கையில் இருந்தபோது அந்த அட்டை அப்படி இருந்ததே இல்லை. ஆகவே இரண்டும் சமம் என்று நான் மேலே எழுதியதையும் அடித்துவிடு. அவர் வெள்ளை அட்டையும் என் வெள்ளை அட்டையும் சமமே இல்லை. தங்க அட்டை கிடைக்குமா என்று ஷாரோனிடம் கேட்டு வைத்திருக்கிறேன், ஜாய்க்குத் தெரிய வேண்டாம்.

இவ்வளவையும் அடித்த பிறகு கடிதத்தில் என்ன மிச்சம் என்று கேட்பாய். இது மட்டும். நீயும் உன் மனைவியும் விழுங்குகிற மாத்திரை அட்டைகளையெல்லாம் இன்றைக்கே ஒரு தட்டில் கொட்டி, பெரிய எழுத்தை விட்டுவிட்டு, அதன் கீழே உள்ள சிறிய எழுத்தை ஒருவருக்கொருவர் சத்தமாக வாசித்துக் காட்டுங்கள்.